லோரிக் கதவில் ஓர் எழுத்து



எங்கள் வகுப்பில் ஒரு மாணவன் ஒருநாள் இப்படிக் கேட்டான்: "சார், லோரிக் கதவுல 'ஏ'ன்னு எழுதியிருக்கு, சிலதுல 'சி'ன்னு எழுதியிருக்கு. நடுவுல 'பி' எங்க போச்சு?"

சிறுபிள்ளைக் கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் சொல்ல, ஏறத்தாழ நூறாண்டு பின்னோக்கிச் சென்று, கடல் கடந்து இங்கிலாந்து வரை போய்வர வேண்டியிருக்கிறது. இன்றைய உரையில் அந்த எழுத்துகளின் வரலாற்றையும், அவற்றோடு சேர்ந்து நடக்கும் காப்புறுதியின் வரலாற்றையும் காண்போம்.

முதல் உலகப் போர் 1918இல் முடிந்தது. போர்முனையில் ஓடிய லோரிகள் ஆயிரக்கணக்கில் மிஞ்சின. பிரிட்டிஷ் அரசாங்கம் அவற்றை விற்றுத் தீர்த்தது. படையிலிருந்து திரும்பிய வீரர்கள் கையில் கிடைத்த பணத்தைப் போட்டு ஆளுக்கொரு லோரி வாங்கினார்கள். முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே. யார் கூப்பிட்டாலும் போவார், கேட்ட விலைக்கு ஏற்றுவார். வீட்டு வாசலில் ஏற்றி, வாங்குபவர் வாசலிலேயே இறக்கிவிடுவார்.

இது இரயில்வே நிறுவனங்களுக்குப் பெருத்த அடியாக விழுந்தது. இரயில்வே தன் தண்டவாளத்தைத் தன் செலவிலேயே போட்டுக் காக்க வேண்டும். வந்த சரக்கை வேண்டாமென்று தள்ளவும் முடியாது; அறிவித்த கட்டணத்தில் ஏற்றியாக வேண்டும். லோரிக்காரருக்கு அந்தக் கட்டுப்பாடு எதுவுமில்லை. இலாபமான சரக்கை அவர் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை இரயிலுக்கு விட்டுவைத்தார். சாலையோ பொதுப்பணத்தில் போட்டது. இரயில்வேக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். அதில் நியாயமே இல்லையென்று நாங்கள் சொல்லமாட்டோம்.

சர் ஆர்தர் சால்ட்டர் என்பவர் தலைமையில் ஒரு குழு அமைந்தது. இரயில்வே தரப்பில் நால்வர், சாலைப் போக்குவரத்துத் தரப்பில் நால்வர். அவர்களின் அறிக்கை 1932இல் வந்தது. மறு ஆண்டே, 1933இல், சாலை இரயில் போக்குவரத்துச் சட்டம் பிறந்தது. நம் மாணவன் கேட்ட எழுத்துகள் அந்தச் சட்டத்தில்தான் இருக்கின்றன. பிறர் சரக்கை வாடகைக்கு ஏற்றும் தொழில் செய்பவருக்கு 'ஏ' உரிமம். தன் சரக்கை மட்டும் ஏற்றுபவருக்கு 'சி' உரிமம். இரண்டையும் கலந்து செய்பவருக்கு 'பி'. அந்த 'பி' இங்கிலாந்தில் பல ஆண்டுகள் ஓடியது. நம் சாலையில் நம் கண்ணில் படுபவை 'ஏ'யும் 'சி'யும்தான்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 'சி' உரிமம் கேட்டவருக்கு அது எளிதாகக் கிடைத்தது. 'ஏ' கேட்டவர்தான் அதிகாரி முன் நின்று, தம் லோரிக்கு அந்த வட்டாரத்தில் தேவை இருக்கிறதென்று காட்ட வேண்டியிருந்தது. இரயில்வே தன் வழக்கறிஞரை அனுப்பி ஆட்சேபம் தெரிவிக்கலாம், தெரிவித்தது. லோரியைப் பழுதில்லாமல் வைத்திருக்க வேண்டும், டிரைவரின் வேலை நேரத்தைக் குறித்துவைக்க வேண்டும் என்ற நிபந்தனைகளும் உரிமத்தோடு வந்தன. அவை நல்லவையே. ஆனாலும் யாருக்கு 'ஏ' கொடுப்பது என்ற கேள்வியின் உயிர் வியாபாரப் போட்டியில்தான் இருந்தது. சாலையோரம் நடந்துபோகும் ஏழையை மனத்தில் வைத்து எழுந்த கேள்வியல்ல அது. 1968ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் இங்கிலாந்து அந்த எழுத்துகளைக் கைவிட்டு, நடத்துநரின் தகுதியையும் வண்டியின் பாதுகாப்பையும் பார்த்து உரிமம் கொடுக்கத் தொடங்கியது.

அப்படியானால் அந்த ஏழையை நினைத்தது எது? காப்புறுதிச் சட்டம்.

அது உரிமச் சட்டத்துக்கு மூன்று ஆண்டு மூத்தது. 1930இல் பிரிட்டனின் சாலைகளில் மாண்டவர்கள் ஏழாயிரத்துக்கும் மேல். கை கால் இழந்தவன் நீதிமன்றம் போய் வென்றாலும், மோதிய டிரைவரிடம் கொடுக்கக் காசில்லை. தீர்ப்புக் காகிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆகவே 1930ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம், மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் எந்த மோட்டார் வண்டியும் சாலையில் ஓடக்கூடாது என்றது. காப்புறுதி எடுத்தவர் ஒரு தரப்பு, காப்புறுதி நிறுவனம் இன்னொரு தரப்பு, அடிபட்டவர் மூன்றாம் தரப்பு. நிறுவனங்கள் சாக்குப்போக்குச் சொல்லித் தட்டிக்கழிப்பதைப் பார்த்து, 1934இல் இன்னொரு சட்டம் வந்து, தீர்ப்பான தொகையை நிறுவனமே கட்ட வேண்டும் என்று இறுக்கியது.

ஆனால் லோரியில் ஏறி உட்கார்ந்திருப்பவர்? அவரைக் காப்புறுதியில் சேர்த்தே ஆகவேண்டும் என்று 1930ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லவில்லை. இரண்டு பேருக்கு மட்டும் விதிவிலக்கு வைத்தது: கட்டணம் கொடுத்துப் பயணம் செய்பவர், வேலை ஒப்பந்தத்தின் காரணமாக ஏற்றிச் செல்லப்படுபவர்.

இந்த இரண்டாவது சொற்றொடருக்காக ஒரு விதவை பிரபுக்கள் சபை வரை போராடினார். அவருடைய கணவர் கட்டட வேலைத் தொழிலாளி. வேலையிடத்திலிருந்து லோரியில் வரும்போது விபத்தில் இறந்தார். லோரி அவருடைய முதலாளிக்குச் சொந்தமல்ல, வேறொருவருடையது. "லோரிக்காரரிடம் அவர் வேலை செய்யவில்லையே, நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும்?" என்பது காப்புறுதி நிறுவனத்தின் வாதம். 1937இல் தீர்ப்பு வந்தது. வேலை ஒப்பந்தம் லோரிக்காரரோடுதான் இருக்க வேண்டுமென்று சட்டத்தில் இல்லை. தன் வேலையின் காரணமாக அவர் அந்த லோரியில் ஏற்றப்பட்டிருந்தால் போதும் என்றார் ரைட் பிரபு. விதவை வென்றார். குத்தகைக்காரரின் லோரியில் வேலைக்குப் போகும் நம்மவர்களுக்கு இந்த வழக்கு அந்நியமாகத் தோன்றாது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். பிரிட்டிஷ் சட்டத்தின் அச்சு மலாயாவிலும் பதிந்தது. சுதந்திரத்துக்குப் பின் 1958ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் நீண்டகாலம் இருந்தது. 1987இல் அதன் இடத்தில் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று சாலைப் போக்குவரத்துச் சட்டம். காப்புறுதி அதில் இருக்கிறது. மற்றது வர்த்தக வாகன உரிம வாரியச் சட்டம். தீபகற்பத்தில் அந்த வாரியத்தின் வேலை 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஸ்பாட் ஆணையத்துக்கும், 2019 முதல் அபாட் எனும் நிறுவனத்துக்கும் கைமாறியது. பெயர்ப்பலகைகள் மாறின, 'ஏ'யும் 'சி'யும் கதவில் நிலைத்துவிட்டன.

காப்புறுதியிலும் அந்தப் பழைய வாசகம் நிலைத்துவிட்டது. இங்கிலாந்து 1971இல் சட்டம் இயற்றி, வண்டியில் இருக்கும் பயணிகள் அனைவருக்கும் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. நம் 1987ஆம் ஆண்டுச் சட்டமோ, கட்டணப் பயணி, வேலை ஒப்பந்தப் பயணி என்ற அதே எல்லையில் நின்றது. தோட்ட லோரியில் தைப்பூசத்துக்குப் போய்வந்ததை நினைத்துப் பாருங்கள். தாத்தா, பாட்டி, கைக்குழந்தை, பால்குடம், சோற்றுப் பானை எல்லாம் ஏறிக்கொள்ளும். ஏறியவர்கள் கட்டணம் கொடுத்தவர்களும் அல்லர், வேலைக்குப் போகிறவர்களும் அல்லர். அந்தப் பாட்டிக்கு ஏதாவது நேர்ந்திருந்தால், கட்டாயக் காப்புறுதிக்குள் அவர் வரமாட்டார். வேலையில் அடிபடும் தொழிலாளியைப் பார்த்துக்கொள்ள 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சொக்சோ வந்தது. அதிலும் திருவிழாவுக்குப் போகும் பாட்டிக்கு இடமில்லை. துரை தயவில் கிடைத்த லோரி என்று நாம் மகிழ்ந்தோம். யாரும் இதைக் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

தோட்டத் துண்டாடல் நடந்த காலத்திலிருந்து இன்றுவரை லயத்தை விட்டு வீடு மாறிப் போகும் குடும்பங்களுக்கும் இதில் ஒரு சங்கதி உண்டு. கட்டாயக் காப்புறுதி உயிருக்கும் உடம்புக்கும் ஏற்பட்டது. ஏற்றிய கட்டிலுக்கும் பீரோவுக்கும் அல்ல. சாமான்களுக்குத் தனிக் காப்புறுதி வேண்டும். தெரிந்தவர் என்று 'சி' லோரியை வாடகைக்குப் பேசினால், அந்த உரிமம் பிறர் சாமானை வாடகைக்கு ஏற்ற அனுமதிப்பதே இல்லை. ஏதாவது நடந்தால், ஒப்பந்தத்தை மீறி லோரியை ஓட்டினார்கள் என்று வாதாடக் காப்புறுதி நிறுவனத்துக்கு வழி திறந்துவிடும்.

அந்த மாணவனிடம், "நாளைக்கு வரும்போது கண்ணில் படும் லோரிகளைப் பார்த்து எழுதிக்கொண்டு வா" என்று சொல்லியிருந்தோம். அவன் கணக்குப் புத்தகத்தின் கடைசித் தாளைக் கிழித்துக்கொண்டு வந்து நீட்டினான். தோட்ட லோரி 'சி'. மளிகைக் கடைக்காரர் லோரி 'சி'. செம்பனைப் பழம் ஏற்றும் குத்தகைக்காரர் லோரி 'ஏ'. கடைசி வரியில், முந்திய நாள் மாலை பக்கத்து லயத்துக் குடும்பம் சாமான்களின் மேல் உட்கார்ந்து வீடு மாறிப் போன லோரியைக் குறித்திருந்தான். அதற்கு நேரே 'சி' என்று எழுதி, இரண்டு கோடு போட்டிருந்தான்.