ஐகால்

ஐகால் என்பது, மும்பை அணுசக்தி நகரை அடுத்த தேவனாரிலுள்ள டாடா சமூக அறிவியல் நிறுவனம் 2012இல் தொடங்கிய இலவச உளநல ஆலோசனைச் சேவை. பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் தொலைபேசி, மின்னஞ்சல் வழியாகப் பல மொழிகளில் ஆலோசனை வழங்குகின்றனர். சொல்வது ரகசியமாகக் காக்கப்படும். மும்பைக் குடிசைப் பகுதியான தாராவியின் ஓரறை வீட்டில், குடும்பத்தார் நடுவே வாய்திறக்க இயலாதவருக்கு எழுதும் வழி பயன்படும்.

நாடி வருபவரைக் குறைகூறாமல் ஏற்பதே இத்தகைய ஆலோசனையின் அடிப்படை. ஏற்பு வெறும் ஆறுதல், சிகிச்சையாகாது என்பது ஓர் ஆட்சேபம். ஆனால் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957இல் நிபந்தனையற்ற ஏற்பை மாற்றத்துக்கு இன்றியமையாத நிலைமைகளுள் ஒன்றாக வகுத்தார். அது ஆளை ஏற்பதே, செய்கை அனைத்தையும் ஆதரிப்பதன்று. ஏற்பு இல்லாத சிகிச்சை தீங்காகவும் மாறும்: பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் தடைசெய்தது. கடும் மனநோய்க்கு மருத்துவரும் மருந்தும் தேவை. ஆலோசனை அவற்றுக்குத் துணையே, மாற்றன்று.