கத்தோலிக்கப் பெண் மறையுரையாளர்கள்

நம்பிக்கை, எதிர்நோக்கு, சமூக நீதி ஆகியவற்றை மக்கள் முன் எடுத்துரைத்த பெண்களின் மரபு கத்தோலிக்கத் திருஅவையின் தொடக்கத்திலிருந்தே உண்டு. திருப்பலியில் ஆற்றப்படும் மறையுரை குருக்களுக்கும் திருத்தொண்டர்களுக்கும் மட்டுமே உரியது என்பது இன்றைய சட்டம். அந்த எல்லைக்கு வெளியே, தெருவிலும் மடத்திலும் கடிதத்திலும் பத்திரிகையிலும் பெண்கள் தங்கள் போதனை மேடையை அமைத்துக்கொண்டனர். ஏழைகளும் ஒடுக்கப்பட்டோரும் வாழும் இடத்திலேயே அவர்கள் பேசியதால் அவர்களுடைய போதனையில் நீதிக்கான குரல் ஓங்கி ஒலித்தது.

விவிலியக் காலம்

யோவான் நற்செய்தியின்படி, உயிர்த்த இயேசுவை முதலில் கண்டவர் மகதலா மரியா. அச்செய்தியைச் சீடர்களிடம் சேர்க்குமாறு அனுப்பப்பட்டவரும் அவரே. இதனால் இடைக்கால இறையியலார் அவரைத் திருத்தூதர்களுக்குத் திருத்தூதர் என்று போற்றினர். பிரிஸ்கில்லா தம் கணவர் அக்கிலாவுடன் சேர்ந்து அப்பொல்லோ என்ற அறிஞருக்கு இறைநெறியை விளக்கியதையும், பிலிப்பின் நான்கு மகள்கள் இறைவாக்கு உரைத்ததையும் திருத்தூதர் பணிகள் நூல் பதிவு செய்கிறது. கொரிந்தியருக்கு எழுதப்பட்ட முதல் திருமுகத்தின் 11ஆம் அதிகாரம், பெண்கள் சபையில் இறைவாக்கு உரைப்பதை இயல்பாகக் குறிப்பிடுகிறது; 14ஆம் அதிகாரமோ பெண்கள் சபையில் பேசாதிருக்கச் சொல்கிறது. பிற்காலச் சட்டங்கள் இரண்டாவதையே பற்றிக்கொண்டன.

இடைக்காலம்

1140ஆம் ஆண்டளவில் கிரேசியன் தொகுத்த திருஅவைச் சட்ட நூல், எவ்வளவு கற்றவராயினும் தூயவராயினும் ஒரு பெண் சபையில் ஆண்களுக்குப் போதிக்கக் கூடாது என்ற பழைய விதியை நிலைநிறுத்தியது. அதே நூற்றாண்டில்தான் ஜெர்மனியின் பிங்கன் நகர ஹில்டெகார்டு (1098–1179) என்ற மடத்தலைவி, அறுபது வயதை எட்டிய நிலையில் போதனைப் பயணங்களைத் தொடங்கினார். 1160இல் டிரியர் நகரில் பொதுமக்கள் முன் பேசினார். கொலோன் நகரில் குருக்களை நேருக்கு நேர் கண்டித்தார்: மக்களுக்குப் போதிக்கும் கடமையை மறந்து செல்வத்திலும் சுகத்திலும் மூழ்கிவிட்டீர்கள் என்பதே அவர் உரையின் சாரம். கண்டிக்கப்பட்ட குருக்களே அந்த உரையை எழுத்தில் அனுப்பித் தருமாறு பின்னர் அவருக்குக் கடிதம் எழுதினர். தம் சொந்த அதிகாரத்தில் பேசவில்லை, வாழும் ஒளியான இறைவன் சொல்வதையே உரைப்பதாக அவர் கூறியதால் அவரை எவரும் தடுக்கவில்லை.

எல்லாருக்கும் அந்தச் சலுகை கிடைக்கவில்லை. ஸ்பெயினின் புர்கோஸ், பலென்சியா மறைமாவட்டங்களில் மடத்தலைவியர் நற்செய்தியை வாசித்துப் பொதுவில் போதித்து வந்தனர். 1210இல் திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட் அதை நிறுத்த உத்தரவிட்டார். அன்னை மரியா திருத்தூதர் அனைவரையும்விட உயர்ந்தவர் எனினும், ஆண்டவர் விண்ணரசின் திறவுகோல்களை அவரிடம் தரவில்லை என்பது திருத்தந்தை முன்வைத்த வாதம்.

இத்தாலியின் விதெர்போ நகரில் ரோஸ் என்ற பதின்வயதுப் பெண் தெருக்களில் போதித்து, 1250இல் குடும்பத்துடன் நாடு கடத்தப்பட்டார். சாயத் தொழிலாளியின் மகளான சியன்னா நகர கத்தரீன் (1347–1380) கொள்ளைநோயாளிகளுக்குப் பணி செய்தவர்; அவருடைய கடிதங்களில் 380க்கு மேற்பட்டவை எஞ்சியுள்ளன. 1376இல், அப்போது திருத்தந்தையர் தங்கியிருந்த அவிஞ்ஞோன் நகருக்குச் சென்று, திருத்தந்தை பதினொன்றாம் கிரகோரியிடம் உரோமைக்குத் திரும்புமாறு வலியுறுத்தினார். அவர் பேசிய தொஸ்கானா மொழியை அவருடைய ஆன்ம குருவான கப்புவா நகர இரெய்மண்ட் இலத்தீனில் எடுத்துச் சொன்னார். மறு ஆண்டு சனவரியில் திருத்தந்தை உரோமை சேர்ந்தார்.

தடையும் மாற்று வழிகளும்

பெண் துறவியர் மடத்துக்குள்ளேயே அடைபட்டு வாழ வேண்டும் என்ற விதி பதினாறாம் நூற்றாண்டின் திரெந்து பொதுச்சங்கத்துக்குப் பின் கடுமையானது. மதில்களுக்கு வெளியே பெண்களுக்குக் கல்வி தர இங்கிலாந்தின் மேரி வார்டு தொடங்கிய சபை 1631இல் கலைக்கப்பட்டது. அவரும் சிறை வைக்கப்பட்டார். துறவிகளே ஆனாலும் பொதுநிலையினர் கோவிலில் போதிக்கக் கூடாது என்று 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு விதித்தது.

இருபதாம் நூற்றாண்டும் அதற்குப் பின்னும்

பெருமந்தக் காலத்தில், 1933 மே 1 அன்று, டாரதி டே (1897–1980) நியூயார்க்கில் 'கத்தோலிக் ஒர்க்கர்' இதழை ஒரு சென்ட் விலையில் வெளியிட்டார். வேலையிழந்தோருக்கு உணவும் தங்குமிடமும் தந்த இல்லங்களுடன் இணைந்தே அவ்விதழ் வளர்ந்தது.

1989 ஜூனில் அமெரிக்க ஆயர்கள் கூடியிருந்த மாநாட்டில், புற்றுநோயால் நலிந்திருந்த கறுப்பின அருள்சகோதரி தியா போமன் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி பேசினார். அடிமைகள் பாடிய ஆன்மிகப் பாடல் ஒன்றைப் பாடித் தொடங்கி, கறுப்பினத்தவராகவும் கத்தோலிக்கராகவும் இருப்பது என்ன என்பதை விளக்கினார். முடிவில் ஆயர்களை எழுந்து நிற்கச் செய்து, கைகளைக் கோத்துக்கொண்டு குடிமை உரிமைப் போராட்டப் பாடலைப் பாட வைத்தார். மறு ஆண்டு மார்ச்சில் காலமானார்.

சிலர் உயிரையே கொடுத்தனர். மத்தியப் பிரதேசத்தில் நிலமற்ற ஏழைகளின் உரிமைக்காக உழைத்த கேரள அருள்சகோதரி ராணி மரியா 1995 பிப்ரவரி 25 அன்று பேருந்துப் பயணத்தில் குத்திக் கொல்லப்பட்டார். 2017இல் இந்தூரில் அருளாளராக அறிவிக்கப்பட்டார். பிரேசிலில் அமேசான் காட்டுச் சிறு விவசாயிகளுக்குத் துணை நின்ற அருள்சகோதரி டாரதி ஸ்டாங், 2005இல் தம்மை மறித்த கொலையாளிகளுக்கு விவிலியத்தை வாசித்துக் காட்டிய பின் சுடப்பட்டு இறந்தார்.

சட்டமும் இன்றைய நிலையும்

சிறுவர் திருப்பலியில் நற்செய்திக்குப் பின் பொதுநிலையினர் ஒருவர் பேசலாம் என்று 1973இல் திருப்பீடம் இசைந்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 766ஆம் விதி, ஆயர் பேரவையின் நெறிகளுக்கு உட்பட்டு, தேவையான சூழலில் பொதுநிலையினர் கோவிலில் போதிக்க இடமளிக்கிறது. 767ஆம் விதி திருப்பலி மறையுரையைத் திருப்பணியாளர்களுக்கே ஒதுக்குகிறது. ஜெர்மன் ஆயர்களும் பொதுநிலையினரும் 2023இல் இதில் தளர்வு கேட்டபோது வத்திக்கான் ஏற்கவில்லை.

மற்றத் திசைகளில் மாற்றம் வந்துள்ளது. ஆவிலா தெரேசாவும் சியன்னா கத்தரீனும் 1970இலும், லிசியே தெரேசா 1997இலும், ஹில்டெகார்டு 2012இலும் மறைவல்லுநர்களாக, அதாவது திருஅவையின் ஆசிரியர்களாக, அறிவிக்கப்பட்டனர். மகதலா மரியாவின் நினைவுநாள் 2016இல் விழாவாக உயர்த்தப்பட்டது. 2019 புனித வெள்ளியன்று உரோமையின் சிலுவைப் பாதைக்கான சிந்தனைகளை, மனித வணிகத்துக்கு எதிராகப் பாடுபட்ட அருள்சகோதரி எவுஜெனியா பொனெத்தி எழுதினார். வாசகர் பணி 2021இல் பெண்களுக்கு முறையாகத் திறக்கப்பட்டது. 2023 ஆயர் மாமன்றத்தில் பெண்கள் முதன்முறையாக வாக்களித்தனர். தமிழகப் பங்குகளின் அன்பியம் எனப்படும் அண்டை வீட்டார் குழுக்களின் கூட்டங்களில் இறைவார்த்தைப் பகிர்வைப் பெண்களே முன்னின்று நடத்துவது இன்று வழக்கமான காட்சி.

ஒரு காலத்தில் வாய்திறக்கக் கூடாது என்று விலக்கப்பட்ட பெண்குலத்தைச் சேர்ந்த நால்வரைத் தன் ஆசிரியர்களாக ஏற்றுள்ள திருஅவை, மறையுரை மேடையைப் பற்றிய கேள்விக்கு நெடுநாள் விடை தராதிருக்க இயலாது.