எடை குறைந்ததும் மூச்சுத்தடை நீங்கிவிடுமா?

குறட்டை விடுவோரைக் கண்டு நகைப்பது எம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஆயினும், உரத்த குறட்டை திடீரென அடங்கி, சிறிது நேரத்தின் பின்னர் திணறலுடன் மீண்டும் எழுமாயின் அது நகைப்புக்குரிய விடயமன்று. உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து சுவாசப் பாதை அடைபடும் 'ஸ்லீப் அப்னியா' எனும் உறக்க மூச்சுத்தடையின் அறிகுறியாக அது இருக்கக்கூடும். மணித்தியாலமொன்றுக்கு 30 தடவைகளோ அதற்கு மேலோ சுவாசம் தடைப்படுமாயின் அது கடுமையான நிலையாகும். உயர் குருதி அமுக்கம், பக்கவாதம், வாகனம் செலுத்துகையில் கண்ணயர்தல் ஆகிய ஆபத்துகள் இந்நோயுடன் தொடர்புடையவை.

உடற்பருமனுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு ஐயத்திற்கிடமற்றது. கழுத்திலும் நாக்கிலும் படியும் கொழுப்பு சுவாசப் பாதையை ஒடுக்குகின்றது. எடை 10 வீதம் குறையும்போது மூச்சுத்தடைகள் ஏறத்தாழ 26 வீதம் குறைவதாக 2000ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்று மதிப்பிட்டது. இதனாலேயே இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை பலருக்கு நம்பிக்கையளிக்கின்றது.

ஆயினும், எடை குறைந்தவர்கள் அனைவரும் குணமடைந்தவர்கள் அல்லர். 60 நோயாளர்களைக் கொண்டு அவுஸ்திரேலியாவில் மேற்கொள்ளப்பட்டு 2012இல் வெளியான ஆய்வில், இரைப்பையில் பட்டி பொருத்தப்பட்டோர் இரு ஆண்டுகளில் சராசரியாக சுமார் 28 கிலோகிராம் எடை குறைந்தனர். அவர்களது மூச்சுத்தடைகள் மணித்தியாலத்துக்கு 65இலிருந்து சுமார் 40ஆகக் குறைந்தன. முன்னேற்றம்தான், எனினும் அதுவும் கடுமையான நிலையே. தாடை எலும்பின் அமைப்பு, முதுமை, பரம்பரை ஆகிய காரணிகள் எடையோடு கரைந்துவிடுவதில்லை. ஆசிய மக்களில் பருமனற்றோருக்கும் இந்நோய் ஏற்படுவதை இங்கு நினைவிற்கொள்ளல் வேண்டும்.

ஆதலால் மூன்று விடயங்களை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம். முதலாவது, மயக்க மருந்தும் வலிநிவாரணிகளும் தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்துவதால், சத்திரசிகிச்சைக்கு முன்னரே குறட்டை பற்றி வைத்தியரிடம் கூறிவிட வேண்டும். இரண்டாவது, உடல் மெலியும்போது முகமும் மெலிகின்றது. முகமூடி பொருந்தாது காற்றுக் கசியலாம்; இயந்திரத்தின் காற்றழுத்தமும் தேவைக்கு மிஞ்சியதாகலாம். அதனை மீளச் சீரமைப்பது அவசியமாகும். மூன்றாவது, குறட்டை நின்றுவிட்டது என்பதற்காகத் தாமாகவே இயந்திரத்தை ஒதுக்கிவைத்தலாகாது. எடை ஒரு நிலைக்கு வந்தபின் மேற்கொள்ளப்படும் உறக்கப் பரிசோதனையே அதனைத் தீர்மானிக்க வேண்டும். எடை மீண்டும் கூடினால் நோயும் திரும்பலாம்.

எடை குறைக்கும் 'டிர்செப்படைட்' எனும் ஊசி மருந்து, உடற்பருமனுடன் கூடிய இந்நோய்க்கென 2024 டிசம்பரில் அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்டது. வழிகள் பெருகுவது வரவேற்கத்தக்கதே. ஆயினும் நோய் நீங்கியதா என்பதை தராசோ நிலைக்கண்ணாடியோ கூறமாட்டாது. உறங்குபவர் தமது மூச்சு நிற்பதை அறியார், அருகிலிருப்பவரே அறிவார். வீட்டார் கண்டதை மறைக்காது வைத்தியரிடம் எடுத்துரைப்பது ஓர் உயிரைக் காக்கும் பணியாகும்.