புகையிரதமும் அமுக்கிய காற்றும்

ஓடுகின்ற புகையிரதத்தை நிறுத்துவது எவ்வாறு? பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே, அமெரிக்காவில், இவ்வினாவுக்கு விடை மனிதக் கைகளே. சாரதி ஊதியதும் தொழிலாளர் பொருட்பெட்டிகளின் கூரைமீது ஓடி, பெட்டிதோறும் கைச்சில்லைச் சுழற்றித் தடுப்பை இறுக்குவர். பனியிலும் மழையிலும் கால் வழுக்கி வீழ்ந்து மாண்டோர் பலர்.

1869 ஆம் ஆண்டில் ஜோர்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் என்னும் இருபத்திரண்டு வயது இளைஞர் காற்றுத் தடுப்புக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். ஆல்ப்ஸ் மலையிலே மொன் செனி சுரங்கம் குடைவோர் அமுக்கிய காற்றாற் பாறையைத் துளைக்கின்றனர் என்று சஞ்சிகையொன்றிற் படித்ததே அவருக்குத் தூண்டுகோலாயிற்று.

எஞ்சினின் பக்கத்தே ஒரு பம்பி பொருத்தப்பட்டது. கொதிகலத்து நீராவி அதனை இயக்கும். அது காற்றை நெருக்கித் தொட்டியில் நிறைக்கும். ஆனால், ‘போதும்’ என்பதைப் பம்பி அறியாது. அமுக்கம் மிகுந்தால் குழாய் வெடிக்கலாம். சில்லுகள் இறுகித் தண்டவாளத்திலே தேயலாம். குறைந்தாலோ வண்டி நில்லாது.

இதற்கென அமைந்ததே சீராக்கி. தொட்டியின் காற்று ஒரு மெல்லிய தகட்டை ஒருபுறம் தள்ளும். மறுபுறம் வில்லொன்று அதனை எதிர்க்கும். காற்று வில்லை வெல்லும் கணத்தில் சிறு வால்வு திறக்கும். அவ்வழி பாயும் காற்றே நீராவிக் குழாயை அடைத்துப் பம்பியை நிறுத்திவிடும். அமுக்கம் தாழ்ந்ததும் வில் மேலோங்கும். பம்பி மீண்டும் இயங்கும். காவலுக்கு வேறு ஆள் வேண்டியதில்லை. காற்றே தன் அளவைக் காத்தது. தொட்டியில் சதுர அங்குலத்துக்கு 90 இறாத்தல், வண்டிக் குழாயில் 70 என்பது அக்காலத்து வழக்கமான அளவு.

முதலமைப்பில் ஒரு பெருங்குறை இருந்தது. குழாய் அறுந்தால் தடுப்பே இல்லை! 1872 இல் வெஸ்டிங்ஹவுஸ் இதனைத் தலைகீழாக்கினார். பெட்டிக்கொரு தொட்டி வைத்து, குழாயில் அமுக்கம் குறைந்தாலே தடுப்பு விழும்படி செய்தார். வண்டி இரண்டாய்ப் பிரிந்தால் இரு பகுதிகளும் தாமே நின்றன. அமுக்கத்தைக் காக்கும் சீராக்கியின் பொறுப்பும் இதனால் மிகுந்தது. வீணே காற்றுக் குறைந்தால் வண்டி நடுவழியில் நின்றுவிடுமன்றோ?

1893 இல் அமெரிக்கச் சட்டம் மாநிலங்களுக்கிடையே ஓடும் புகையிரதங்களுக்கு எஞ்சினிலிருந்து இயக்கும் தடுப்பைக் கட்டாயமாக்கியது. கூரைமேல் ஓடும் கொடுந்தொழில் மெல்ல மறைந்தது.

நிலையத்தில் நின்ற எஞ்சினருகே பம்பி சற்று அடித்து ஓயும். பின் மீண்டும் அடிக்கும். ஓய்வு குறுகினால், எங்கோ காற்று ஒழுகுகிறது என்று அனுபவமுள்ள சாரதி செவியாலேயே அறிந்துகொள்வார்.