தத்தெடுத்தது யார்?

அரியலூர் பக்கம் ஒரு ஊரில் நாட்டு நலப்பணித் திட்ட முகாம். ஏழு நாள், ஐம்பது மாணவர்கள், நான் திட்ட அலுவலர். பள்ளிக்கூட வாசலில் 'எங்கள் கல்லூரி தத்தெடுத்த கிராமம்' என்று பேனர் கட்டியிருந்தோம். மூன்றாம் நாள் மதியம், எங்களுக்குச் சமைத்துக்கொண்டிருந்த ஆத்தா ஒருவர், பேரனை விட்டு அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"ஏஞ் சாரு, தத்து எடுத்தவங்கதானே சோறு போடணும்? இங்க நாங்கல்ல ஆக்கிப் போட்டுக்கிட்டு இருக்கோம்?"

பசங்க சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ராத்திரி வகுப்பறைத் தரையில் படுத்தால் தூக்கம் வரவில்லை. அந்தக் கேள்வி ஆயிரம் வருடம் பழையது என்று பிறகுதான் புரிந்தது.

கங்கைகொண்ட சோழபுரம் எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து ஆண்ட ராஜேந்திர சோழனின் காலத்துக் கல்வெட்டு ஒன்று, இன்றைய விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் இருக்கிறது. அங்கே இயங்கிய கல்லூரியின் கணக்கு அது: மாணவர்கள் 340 பேர், ஆசிரியர்கள் 14 பேர், அவர்களுக்காக ஒதுக்கிய நிலம் 45 வேலி. ஆளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு நெல் என்பதுவரை எழுதி வைத்திருக்கிறார்கள். அரசனின் ஆணைப்படி ஊர்ச்சபை செய்த ஏற்பாடு. அதாவது, அன்றைக்கு ஊர்தான் கல்லூரியைத் தத்தெடுத்தது.

பெருமைப்படுவதற்காக இதைச் சொல்லவில்லை. அது வேதமும் இலக்கணமும் படிக்கும் பிராமணர்களுக்கான கல்லூரி. அந்த 45 வேலியில் இறங்கி உழுதவர்களின் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை. நெல் ஒரு பக்கமாகப் போனது, அறிவு மறுபக்கமாகத் திரும்பி வரவில்லை. பல்கலைக்கழகம் ஊருக்குப் போக வேண்டும் என்று பிற்காலத்தில் யார் பேசினாலும், அடியில் இருப்பது இந்தப் பழைய கடன்தான்.

நவீன காலத்தில் அந்தக் கடனைப் பற்றிய பேச்சு பல இடங்களில் எழுந்தது. இங்கிலாந்தில் 1873-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் தன் மதிலுக்கு வெளியே, ஊர் ஊராகப் போய்ச் சொற்பொழிவு வகுப்புகள் நடத்தத் தொடங்கியது. இங்கே சுதந்திரத்துக்குப் பிறகு ராதாகிருஷ்ணன் தலைமையிலான கல்விக் குழு, மாணவர்கள் விரும்பி முன்வந்து நாட்டுப்பணி செய்ய வேண்டும் என்றது. அப்புறம் குழுக்கள், அறிக்கைகள். இருபது வருடம் ஓடி, காந்தி நூற்றாண்டான 1969-ல், செப்டம்பர் 24 அன்று, நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. வருடத்துக்கு 120 மணி நேரம் பணி, கூடவே ஒரு சிறப்பு முகாம். தத்தெடுப்பு என்ற சொல்லும் இந்தத் திட்டத்தோடுதான் எங்கள் கோப்புகளுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

1977-ல் பல்கலைக்கழக மானியக் குழு இன்னொரு அடி எடுத்து வைத்தது. கற்பித்தல், ஆராய்ச்சி, விரிவாக்கம் மூன்றும் சமம் என்றது. காகிதத்தில் சமம்தான். நடப்பு வேறு. இன்றைக்கு நாக் குழு வருகிறது என்றால் விரிவாக்கப் பணிக்கும் மதிப்பெண் உண்டு, அதனால் போட்டோ வேண்டும். துடைப்பத்தோடு ஒரு போட்டோ, மரக்கன்றோடு ஒரு போட்டோ. கன்று அடுத்த சித்திரையில் உயிரோடு இருந்ததா என்று கேட்க அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது. நானும் அப்படி நிறைய போட்டோ எடுத்திருக்கிறேன்.

வேறு வழி இல்லாமல் இல்லை. திண்டுக்கல் பக்கம் 1947-ல் டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். அது 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. அங்கே மாணவர்கள் கிராமத்தில் போய்த் தங்குவது பாடத்திட்டத்திலேயே ஒரு பகுதி. இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியும், ஆனால் பெரிது. சேவை செய்யப் போகிறவனுக்கு ஊர் ஒரு நோயாளி. பாடம் படிக்கப் போகிறவனுக்கு ஊர் ஒரு வாத்தியார்.

அரியலூர் உலகத்துக்கே வாத்தியாராக இருந்த ஊர்தான். 1840-களிலேயே ஆங்கிலேயர்கள் இந்த வட்டாரத்துப் புதைபடிவங்களைச் சேகரித்து அனுப்பினார்கள். 1862-ல் பிளான்ஃபோர்டு இந்தப் பாறைகளைப் பற்றி எழுதினார். இன்றும் நிலவியல் புத்தகங்களில் ஒரு பாறைத் தொகுதிக்கே அரியலூர் என்று பெயர். டைனோசர் காலத்தின் கடைசிக் கட்டத்தில் இங்கே கடல் இருந்தது என்பதை இந்த மண்தான் சொல்லிக்கொடுத்தது. ஆனால் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் ஓரத்திலேயே வளர்ந்த என் மாணவன் ஒருவனுக்கு, தான் சின்ன வயசில் வைத்து விளையாடிய சுருள் கல் அம்மோனைட் என்று கல்லூரிக்கு வரும்வரை யாரும் சொல்லவில்லை. கல் கப்பலேறிப் போனது. அதன் கதை இந்தத் தெருவுக்குத் திரும்பி வரவில்லை. எண்ணாயிரத்து நெல்லின் கதையேதான்.

மறுவருடம் பேனரில் அந்த வார்த்தையை எடுத்துவிட்டேன். முகாமுக்கு முன்னாடியே ஊர்க்காரர்களிடம் போய், "என்ன செய்யலாம்?" என்று கேட்டோம். மரக்கன்று வேண்டாம் என்றார்கள். "ஏரிக்கு வர்ற வாய்க்கா எங்கெங்க அடைஞ்சி கெடக்குன்னு அளந்து குடுங்க, போதும்." பெரியவர் ஒருவர் முன்னால் நடக்க, பசங்க டேப்பும் நோட்டும் செல்போனுமாக அவர் பின்னால் நடந்தார்கள். எந்த மதகுக்கு என்ன பெயர், எந்த வருடத்து மழையில் எந்தக் கரை உடைந்தது, எல்லாம் அவர்தான் சொன்னார். ஏழு நாளில் ஒரு வரைபடம் தயாரானது. ஒரு பிரதி கல்லூரிக்கு, ஒரு பிரதி ஊருக்கு. ஊர்ப் பிரதியை வைத்து அவர்கள் மனு எழுதினார்கள்.

வாய்க்கால் பாதிதான் தூர்வாரப்பட்டது. மீதிப் பாதி இன்னும் அப்படியேதான் கிடக்கிறது. ஆனால் வரைபடம் ஊரில் இருக்கிறது, மனுவும் வருடா வருடம் போகிறது. அந்த வருடத்து அறிக்கையில் 'பயனாளிகள் எண்ணிக்கை' என்ற கட்டம் இருந்தது. ஐம்பது என்று எழுதினேன். "இது மாணவர்கள் எண்ணிக்கை ஆச்சே சார்?" என்றார் அலுவலகத்துத் தம்பி.

"ஆமாம்பா, அதுதான்" என்றேன்.

கடைசி நாள் ஆத்தா வந்து புது பேனரைப் பார்த்தார். பேரனை மறுபடி வாசிக்கச் சொன்னார். "இப்ப சரி" என்று சொல்லிவிட்டுச் சோறு வடிக்கப் போனார்.