கேள்வி கேட்க அதிகாரம் இல்லாதவர்கள்

மலேசியச் சட்டத் தொகுப்பில் 27ஆம் எண் சட்டத்தின்படிதான் தனியார் துப்பறிவாளர்கள் உரிமம் பெறுகிறார்கள். அடுத்த எண், 28, கூட்டு பிடிப்பதைத் தடை செய்கிறது. இரண்டும் 1971ஆம் ஆண்டுச் சட்டங்கள். எண்கள் அடுத்தடுத்து வந்தது தற்செயல்தான். ஆனால் பந்திங்கில் வளர்ந்த எனக்கு இரண்டையும் சேர்த்துத்தான் யோசிக்க வருகிறது.

என் சிறுவயதில் எங்கள் தாமானில் ஒரு கூட்டு உடைந்தது. கூட்டு பிடித்த அக்காவை வாசலில் நிறுத்தி ஆளாளுக்குக் கத்தினார்கள். “எங்கடி எங்க காசு?” அக்கா அழுதார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. யாருக்கு எவ்வளவு போனது என்று அவர் எழுதி வைத்திருந்த நோட்டுப் புத்தகத்தை யாரும் கேட்கவே இல்லை.

பெரிய மோசடிக்கு வருவோம். பூமிபுத்ரா வங்கியின் ஹாங்காங் துணை நிறுவனமான பிஎம்எஃப், கேரியன் குழுமத்துக்குக் கொடுத்த கடன்கள் 1983இல் மூழ்கின. கணக்குகளைப் பார்க்க கோலாலம்பூரிலிருந்து போன ஜலில் இப்ராஹிம் அந்த ஜூலையில் கொல்லப்பட்டார். உடல் ஒரு வாழைத்தோட்டத்தில் கிடந்தது. 1984 ஜனவரியில் தலைமைக் கணக்காய்வாளர் அகமட் நோர்டின் தலைமையில் மூவர் குழு அமைந்தது. அது அரச விசாரணை ஆணையம் இல்லை. சாட்சியைக் கட்டாயப்படுத்தி வரவழைக்க முடியாது. ‘வரமாட்டேன்’ என்றால் அவ்வளவுதான். குழுவின் இறுதி அறிக்கை 1986இல் மக்கள் பார்வைக்கு வந்தது. இழப்பு ஏறக்குறைய 2.5 பில்லியன் ரிங்கிட் என்று சொல்வார்கள்.

தனியார் துப்பறிவாளரின் நிலையும் இதுதான். கைது செய்ய முடியாது. காகிதம்தான் பலம். முதலில் ரசீது, காசோலை, கடிதம். பிறகு தள்ளி நிற்கும் சாட்சிகள், கணக்கு எழுதியவர், கையெழுத்துப் போட்டவர். சந்தேகத்துக்குரியவர் கடைசியில்தான். ‘ஏன் திருடினாய்?’ என்று தொடங்க மாட்டார்கள். “ஒரு காசோலை இங்கே எப்படி வெளியாகும், சொல்லுங்க” என்று பேச விடுவார்கள். சொன்னதைக் குறித்துக்கொண்டு, பொருந்தாத காகிதத்தை அப்புறம் மேசையில் வைப்பார்கள்.

மிரட்டலுக்குச் சட்டத்திலும் இடமில்லை. 1872 இந்தியச் சாட்சியச் சட்டத்தை அடியொற்றிய நம் 1950 சட்டத்தின் 24ஆம் பிரிவு, அதிகாரத்தில் இருப்பவர் மிரட்டியோ ஆசை காட்டியோ வாங்கிய ஒப்புதலைக் குற்ற வழக்கில் ஏற்பதில்லை. “ஒத்துக்கிட்டா போலீசுக்குப் போகமாட்டோம்” என்று முதலாளி சொன்ன ஒரு வாக்கியம் போதும், வழக்கு ஆட்டம் காண.

அந்த அக்கா குடும்பத்தோடு ஊரை விட்டே போய்விட்டார். அவர் ஏமாற்றினாரா, முன்னால் எடுத்தவர்கள் மிச்சத்தைக் கட்டாமல் விட்டார்களா? யாருக்கும் தெரியாது. என் அம்மா இன்னும் “திருடி” என்றுதான் சொல்கிறார். வாசலில் கத்தியவர்களில் எத்தனை பேர் பெயர் அந்த நோட்டில் இருந்திருக்கும்?