எஞ்சின் கூலன்ட்

கார் எஞ்சினில் எழும் வெப்பத்தை வாங்கிச் சென்று ரேடியேட்டரில் விடும் திரவம் கூலன்ட். பெரும்பாலும் எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் சரிபாதி. துருவைத் தடுக்கும் வேதிப்பொருள்களும் சிறிதளவு சேர்ந்திருக்கும்.

இக்கலவை ஏறத்தாழ −37 டிகிரி செல்சியஸ் வரை உறையாது. உறையாமல் காப்பது மட்டுமே கூலன்டின் வேலை என்று எண்ணி, தண்ணீர் உறையாத சமவெளி ஊர்களில் பச்சைத் தண்ணீரே போதும் என்று சொல்கிறார்கள். அது தவறு. போர்வெல் தண்ணீரின் உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைக்கும். வெறும் தண்ணீர் உலோகத்தை அரிக்கும். வெயில் நாட்டில் கூலன்டின் பெரிய வேலை அரிப்பைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும்தான்.

திறந்த பாத்திரத்தில் இது சுமார் 107 டிகிரியில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் வால்வு ஏறக்குறைய 1 பார் அழுத்தத்தை உள்ளே தேக்கிவைப்பதால், கொதிநிலை 125-ஐ ஒட்டி உயர்கிறது. ஆபத்தும் இங்கேதான். ஓவர்ஹீட் ஆன எஞ்சினில் 115 டிகிரியிலும் கொதிக்காமல் அடங்கியிருக்கும் திரவம், மூடி திறந்த நொடியில் அழுத்தம் விழுந்து மொத்தமாகக் கொதித்துப் பீறிடும். முகமும் கழுத்தும் கைகளும் வெந்துபோகும். மூடிமேல் துணி போட்டுத் திருகினாலும் இது நிற்காது.

எனவே எஞ்சின் முழுக்க ஆறிய பிறகே கூலன்ட் அளவைப் பார்க்க வேண்டும். காலையில் வண்டி எடுக்கும் முன் பார்ப்பது நல்லது. வண்டி சமதளத்தில் நிற்க, ரிசர்வ் டேங்கின் மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் இடையே திரவம் இருந்தால் போதும். மூடியைத் தொடவே வேண்டாம். திறக்க வேண்டியிருந்தால் முதலில் ரேடியேட்டரின் மேல் ஹோஸை அமுக்கிப் பார்க்கலாம். விறைப்பாக இருந்தால் அழுத்தம் இன்னும் இறங்கவில்லை. பல புதிய கார்களில் ரிசர்வ் டேங்கும் அழுத்தத்தில்தான் இருக்கும். சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் மின்விசிறி சட்டென்று சுழலும். கையை அருகே கொண்டுபோகக் கூடாது.

குறைந்திருந்தால் வண்டியின் கையேடு சொல்லும் வகையையே ஊற்ற வேண்டும். நிறத்தை நம்ப முடியாது: பச்சை, சிவப்பு, ஆரஞ்சு எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அடர் கூலன்டில் காய்ச்சி வடித்த நீர் சேர்க்கலாம். கலந்தே விற்பதில் சேர்க்கக் கூடாது. மாற்றும் காலம் பழைய வகைக்குச் சுமார் 2 ஆண்டு, கரிம அமில வகைக்கு 5 ஆண்டு வரை.

அடிக்கடி குறைந்தால் கசிவைத் தேட வேண்டும். ஏசி ஓடும்போது அடியில் சொட்டும் தெளிந்த நீர் கசிவன்று. கூலன்ட் நிறத்தோடும் வழவழப்போடும் இருக்கும். வெளியே கசிவே இல்லாமல் குறைந்து, எஞ்சின் ஆயில் மூடியின் உட்புறம் பால்போலத் திரண்டிருந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகித்து மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

வழியில் வெப்பநிலை மீட்டரின் முள் ஏறினால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்து, ஓரங்கட்டி எஞ்சினை அணைக்க வேண்டும். சூடான எஞ்சின்மேல் குளிர்ந்த நீரை ஊற்றினால் சிலிண்டர் ஹெட் விரிசல் விடலாம்.

எத்திலீன் கிளைக்கால் இனிப்பானது, கொடிய விஷமும்கூட. குழந்தைகளும் நாய்களும் நக்கிவிடக்கூடும். கல்லீரலில் அது அமிலங்களாக மாறிச் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். முதல் சில மணி நேரம் போதைபோல மட்டுமே தெரியும்; அறிகுறிக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மாற்று மருந்து உண்டு. நேரத்தோடு கொடுத்தால் உயிர் தப்பும். மிச்சக் கூலன்டைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. சிந்தியதை உடனே துடைத்துக் கழுவ வேண்டும். பழையதைச் சாக்கடையில் கொட்டாமல் மூடிய கேனில் ஒர்க்‌ஷாப்பில் ஒப்படைக்க வேண்டும்.